பெயர்ப் பலகை அறுபது மீட்டர் நகர்ந்த கதை

எங்கள் ஊர் செர்வோலின் பெயரைக் காப்பாற்ற ஒரு சங்கம் இருக்கிறது. வெளியூர் வியாபாரிகள் கண்ட ஒயினையும் பாட்டிலில் அடைத்து ‘செர்வோல்’ என்று விற்றுக்கொண்டிருந்த காலத்தில் தொடங்கியது. அந்த வியாபாரிகளை வழக்காடி விரட்டி அறுபது வருஷமாகிறது. ஆனால் சங்கத்துக்குக் கட்டடம் இருக்கிறது, தலைவர் இருக்கிறார், முத்திரை இருக்கிறது, வருஷா வருஷம் வாத்துக் கறியோடு ஒரு விருந்து இருக்கிறது. இவ்வளவையும் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க முடியுமா? அதனால் இப்போது ஊர்ப் பெயரை ஊர்க்காரர்களிடமிருந்து காப்பாற்றி வருகிறோம்.

‘வருகிறோம்’ என்று சொல்வதற்குக் காரணம், நானும் அதில் ஒருவன். என் பெயர் அர்மான். எட்டு ஹெக்டேர் வெள்ளைத் திராட்சை வைத்திருக்கிறேன். சங்கத்தின் சுவைக்குழுவில் ஐந்து பேர். பதினோரு வருஷமாக அதில் ஒரு நாற்காலி எனக்கு. நகரசபையிலும் ஓர் உறுப்பினர். மொத்தத்தில் எனக்கு ஊரில் நல்ல பெயர்.

ஒதில் பெஸ்நாருக்கு இப்படி எந்தப் பதவியும் கிடையாது. ஊருக்குள் நுழைந்ததும் முதல் வீடு அவளுடையது. என் வீட்டிலிருந்து நாலு எட்டு. நானும் அவளும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். வீட்டுக்குப் பின்னால் சுண்ணாம்புக் கல்லைக் குடைந்த குகையில் அவளுடைய பீப்பாய்கள் இருக்கின்றன. பிழிந்த சாற்றை அதில் ஊற்றிவிட்டு அது பாட்டுக்கு நுரைக்கட்டும் என்று விட்டுவிடுவாள். சில வருஷம் கிறிஸ்துமஸுக்குள் அடங்கும், சில வருஷம் ஈஸ்டர் தாண்டியும் முணுமுணுத்துக்கொண்டிருக்கும். துணைக்குப் பிஸ்தாஷ் என்ற நாய். அவளுடைய வாழ்க்கை அவ்வளவுதான், அவளுக்கு அது போதுமானதாகவும் இருந்தது.

ஊரில் ஒயின் தயாரிக்கும் மற்ற முப்பத்தொரு பேரும் அப்படி விடுவதில்லை. ஒரு பெரிய அங்காடித் தொடரின் கொள்முதல் அதிகாரி ஒருமுறை விருந்துக்கு வந்தார். வாத்துக் காலைக் கையில் பிடித்தபடி, வடக்கே லீலில் வாங்கினாலும் தெற்கே நீஸில் வாங்கினாலும், இந்த வருஷம் வாங்கினாலும் அடுத்த வருஷம் வாங்கினாலும் வாடிக்கையாளருக்கு ஒரே சுவை கிடைக்க வேண்டும் என்றார். கைதட்டினோம். அடுத்த மாதமே பரிசோதனைக் கூடத்திலிருந்து சிரில் என்ற ஆலோசகர் சாற்றை நுரைக்கவைத்து ஒயினாக்கும் ஒரு ஈஸ்ட் பாக்கெட்டோடு வந்தார். ‘செர்வோல் அசல்’ என்று பெயர். டென்மார்க்கில் தயாராகிறது. சங்க உறுப்பினர்களுக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி.

இனி அந்த மார்ச் மாதச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

ஒவ்வொரு வருஷமும் எல்லோருடைய ஒயினிலிருந்தும் ஒரு மாதிரி எடுத்து, துணி சுற்றி, எண் ஒட்டி, எங்கள் ஐவர் முன் வைப்பார்கள். நாங்கள் ‘தேறியது’ என்றால்தான் லேபிளில் ‘செர்வோல்’ என்று போடலாம். அன்று காலை காப்பி கூடாது, வாசனைத் திரவியம் கூடாது, சிரிப்பும் கூடாது. சங்கத் தலைவர் லான்சாக் ஒரு சின்ன மணியை அடிப்பார். எல்லோரும் எழுந்து நிற்போம். முதலில் முன்மாதிரிக் குவளை வரும். போன வருஷம் தேறிய எல்லா ஒயினிலிருந்தும் ஜனவரியில் ஒரு கரண்டி எடுத்து ஒரே தொட்டியில் கலக்கி வைத்திருக்கும் ஒயின் அது. நின்றபடியே ஒரு வாய் குடித்து, வாளியில் துப்பிவிட்டு உட்கார்வோம். இதற்கு எது பக்கத்தில் வருகிறதோ அது நல்ல ஒயின்.

ஒன்றிலிருந்து பதின்மூன்று வரை எல்லாம் அன்னாசி மிட்டாய் வாசனை. எல்லாவற்றுக்கும் ‘தேறியது’ போட்டேன். அதில் ஒன்று என்னுடையது. எது என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்பதாக இருக்கலாம், பதினொன்றாகவும் இருக்கலாம். அதைப் பற்றி அப்போது நான் வெட்கப்படவில்லை. முன்மாதிரிக்கு அவ்வளவு நெருக்கமாக வந்துவிட்டேனே என்று பெருமையாகக்கூட இருந்தது.

பதினான்காவது வந்தது. மூக்கருகே கொண்டுபோனதும் எல்லோரும் நிமிர்ந்துவிட்டோம். சீமைமாதுளம் பழத்தோல் வாசனை, கோடை மழை பட்ட சுண்ணாம்புக் கல் வாசனை. துப்பிய பிறகும் நாக்கின் ஓரத்தில் மெல்லிய கசப்பு. ஓட்டப் பந்தயம் முடிந்தால் ஒதிலின் குகை வாசலில்தான் போய் விழுவோம், சின்ன வயதில். அங்கே இதே வாசனைதான். இது யாருடையது என்று ஐந்து பேருக்கும் தெரியும். தெரியாத மாதிரி உட்கார்ந்திருப்பதுதான் விதி.

லான்சாக் இன்னொரு வாய் குடித்தார். இந்த முறை துப்பவில்லை.

“நல்லாத்தான் இருக்கு. அதான் கவலையா இருக்கு” என்றார். “தப்பு இருந்தா திருத்தச் சொல்லிடலாம். இதுல தப்பே இல்ல. ஒருத்தர் இதக் குடிச்சுட்டு, இதுதான் செர்வோல்னு நெனச்சுட்டார்னு வைங்க. அப்புறம் நம்மளோடதக் குடிக்கும்போது அவர் என்ன நெனப்பார்?”

தள்ளிவிடலாம் என்று தலையசைத்தோம். ஆனால் ஓர் ஒயினைத் தள்ள வேண்டுமானால் காரணம் எழுத வேண்டும். குறைகளுக்கென்று அச்சடித்த பட்டியல் ஒன்று இருக்கிறது, எழுபத்து நான்கு சொற்கள். காடி, பூஞ்சை, அழுகிய முட்டை, ஈர நாய், எலி, குதிரை வியர்வை என்று வரிசையாக வாசித்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை முகர்ந்து பார்த்தோம். குதிரை வியர்வையில் ஒருவர் கொஞ்ச நேரம் தயங்கினார், பிறகு மனசாட்சி உறுத்தி விட்டுவிட்டார். நாற்பது நிமிடம் கழித்துக் கடைசிச் சொல்லுக்கு வந்தோம்: ‘தன்மை பொருந்தவில்லை’. அது எதற்கும் பொருந்தும்.

மூன்று பேர் எழுதினால் போதும். இரண்டு பேர் எழுதிவிட்டார்கள். லான்சாக் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, சங்கத்துக்கு உள்ளேயே சிலர் சங்கத்தோடு ஒத்துப்போவதில்லை என்று கேள்விப்படுவதாக யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார். என் ஒன்பதோ பதினொன்றோ இன்னும் மேசை மேல்தான் இருந்தது. எழுதினேன். என் கையெழுத்து எப்போதும் அழகாக இருக்கும், அன்றும் இருந்தது.

நாலு நாள் கழித்து ஒதில் கடிதத்தோடு என் வீட்டுக்கு வந்தாள். பிஸ்தாஷ் பின்னாலேயே வந்து என் காலை முகர்ந்தது.

“அர்மான், இதக் கொஞ்சம் படிச்சுச் சொல்லு. என்னவோ பொருந்தலையாம்.”

“தன்மை.”

“யாரோட தன்மை?”

“செர்வோலோடது.”

“என் தோட்டம் செர்வோல்லதானேப்பா இருக்கு?”

“தோட்டம் இங்கதான் இருக்கு. ஒயின்தான் இல்லைங்கறாங்க.”

அவள் கடிதத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாள், அங்கே ஏதாவது விளக்கம் இருக்குமோ என்று. பிறகு, விலை கொஞ்சம் குறைந்தால் குறையட்டும், நான் பிறந்த ஊர்ப் பெயரை என் பாட்டிலில் நான் போடக் கூடாதா என்று கேட்டாள். அவள் கேட்டது அது ஒன்றைத்தான், முதலிலிருந்து கடைசி வரை. அந்தக் குழுவில் யார் யார் இருந்தார்கள் என்றும் கேட்டாள். அது ரகசியம், விதிப்படி சொல்லக் கூடாது என்றேன். நாற்பது பக்க விதிப்புத்தகத்தில் நான் ஆசையோடு கடைப்பிடித்த விதி அது ஒன்றுதான்.

மேல்முறையீடு செய்தாள். சங்க உறுப்பினர்கள் எல்லோரும் கூடிய விசாரணைக்கு நிலவரைபடம், அப்பா காலத்து லேபிள்கள், தோட்டத்து மண் ஒரு ஜாடியில் எல்லாம் கொண்டுவந்தாள். மண் ஜாடியை வெளியே வைக்கச் சொன்னார்கள், தரை வார்னிஷ் புதிது. நிபுணராகச் சிரில் உட்கார்ந்திருந்தார்.

“ஈஸ்ட் எங்கேந்து வாங்குறீங்க, மதாம்?”

“வாங்கறதில்ல. குகைச் சுவர்லயே இருக்கு.”

“அது இந்த ஊரோடதுதான்னு ஏதாவது ஆவணம்?”

ஒதில் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். கிண்டல் செய்கிறார்களோ என்று தேடினாள். யாரும் சிரிக்கவில்லை. ‘ஆவணம் இல்லை’ என்று சிரில் குறித்துக்கொண்டார்.

“உங்க பாக்கெட் டென்மார்க்லேந்துதானே வருது?” என்று கேட்டாள்.

“ஆமா மதாம். ஆனா அதுல செர்வோல்னு அச்சடிச்சிருக்கு.”

பிறகு முன்மாதிரிக் குவளையை அவளுக்கும் ஒரு வாய் கொடுத்தார்கள், ஒப்பிட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று. குடித்துவிட்டு, இது யாருடைய ஒயின் என்று கேட்டாள்.

லான்சாக்குக்கு முகம் மலர்ந்துவிட்டது. “யாரோடதும் இல்ல மதாம். அதான் இதோட பெருமை” என்றார்.

மேல்முறையீடு தள்ளுபடியானது. அவள் கொண்டுவந்த மாதிரி பாட்டில்கள் ஆறையும் ஆய்வுக்காகச் சிரில் எடுத்துக்கொண்டார். அந்த ஆறும் பின்னால் எங்கே வந்து நிற்கும் என்று அன்று அவருக்கே தெரிந்திருக்காது.

பெயர் இழந்த ஒயினுக்கு ஒரு சட்டம் இருக்கிறது. லேபிளில் எந்த மூலையிலும் செர்வோல் என்று வரக் கூடாது, தயாரித்தவரின் விலாசத்தில்கூட. விலாசத்தில் ஊர்ப் பெயருக்குப் பதில் அஞ்சல் எண்ணைப் போட வேண்டும். ஒதில் சட்டத்துக்குப் பணிகிறவள். தன் பெயர், அதற்குக் கீழே 37 என்று தொடங்கும் ஐந்து இலக்கம், அவ்வளவுதான் போட்டு லேபிள் அச்சடித்தாள். சிறைக்கைதிக்குக் கொடுப்பதுபோல ஒரு எண்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் சங்கம் ஓர் ஆய்வாளரை அனுப்பியது. அவளுடைய வாசல் பலகையில் ‘பெஸ்நார், செர்வோல்’ என்று இருந்தது. எடுக்கச் சொன்னார்கள், எடுத்தாள். வண்டிக் கதவில் இருந்தது, சுரண்டினாள். தேவாலயத் திருவிழாவுக்கு அவள் கொடுக்கும் பாட்டில்களை ‘செர்வோல் பங்கு மக்கள் காணிக்கை’ மேசையில் வைக்கக் கூடாதென்று பாதிரியாருக்குக் கடிதம் போனது. பாதிரியார் அவற்றை மேசைக்கு அடியில் வைத்தார். அங்கிருந்துதான் முதலில் தீர்ந்தன.

அப்புறம் யாரோ ஒரு புகைப்படம் கொண்டுவந்தார்கள். ஊரின் பெயர்ப் பலகை ஒதில் வீட்டு மதிலை ஒட்டித்தான் நின்றது. ஒயின் வாங்க வந்த இரண்டு பேர் அவளுடைய பாட்டிலோடு அந்தப் பலகைக்கு முன் நின்று படம் எடுத்திருந்தார்கள். பாட்டில், பக்கத்திலேயே செர்வோல் என்ற எழுத்து. ‘மறைமுகப் பெயர்ப் பயன்பாடு’ என்று சங்கம் தீர்மானம் போட்டது. அவளுடைய வீட்டை நகர்த்த முடியாது. எனவே பலகையை நகர்த்தும்படி நகரசபைக்கு எழுதியது. நகரசபையில் பதினொரு பேரில் ஏழு பேர் சங்கத்து ஆட்கள், மேயர் லான்சாக்கின் மச்சினர். ஆகவே விவாதம் நாகரிகமாக நடந்தது.

முதலில் எண்பது மீட்டர் உள்ளே தள்ளுவதாக இருந்தது. நான் எழுந்து, எண்பது என்றால் என் வீடும் ஊருக்கு வெளியே போய்விடுமே என்றேன். எல்லோரும் அதை நியாயம் என்று ஒப்புக்கொண்டு அறுபதாக்கினார்கள். அந்தக் கூட்டத்தில் நான் பேசியது அது ஒன்றுதான். இப்போது பலகை என் வாசல் கதவை ஒட்டி நிற்கிறது. ஒதில் எந்த ஊரிலும் இல்லை.

எங்கள் நாட்டில் ஊர்ப் பலகை வெறும் பெயர் மட்டும் இல்லை. அதைத் தாண்டினால்தான் வண்டிகளின் வேகம் ஐம்பது கிலோமீட்டருக்குக் குறைய வேண்டும். அதற்கு வெளியே எண்பதில் போகலாம். பலகை என் வாசலுக்கு வந்த மூன்றாவது வாரம், காலையில் தபால்காரப் பெண்ணைக் கண்டு குரைத்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடிய பிஸ்தாஷை ஒரு சரக்கு வேன் அடித்துவிட்டுப் போனது. வேன்காரன் சட்டப்படிதான் வந்தான்.

ஒதில் மேயரிடம் போய் வீட்டுக்கு முன்னால் ஒரு வேகத்தடையாவது போடச் சொன்னாள். மேயர் வருத்தம் தெரிவித்தார். சம்பவம் ஊருக்கு வெளியே நடந்திருப்பதால் மாவட்டத்துக்குத்தான் எழுத வேண்டும் என்று விளக்கி, மாவட்ட அலுவலகத்தின் விலாசத்தைத் தன் கைப்படவே எழுதிக் கொடுத்தார். நான் அவளுடைய சீமைமாதுளை மரத்தடியில் குழி தோண்டிக் கொடுத்தேன். அவள் அழுதாள். நல்ல மனுஷன் நீ என்று என் தோளைத் தட்டினாள். அன்று சொல்லியிருக்க வேண்டும். மண்வெட்டியைக் கழுவி வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த வசந்தத்தில் ஒரு வினோதம் நடந்தது. பாரிஸில் ஏதோ ஒரு சின்ன உணவகத்தில் ஒதிலின் பாட்டிலைக் குடித்தவர்கள் அதை ‘எண் ஒயின்’ என்று சொல்ல ஆரம்பித்தார்கள். பிறகு பெல்ஜியத்திலிருந்து வந்தார்கள், ஜப்பானிலிருந்து வந்தார்கள். சங்கக் கட்டடத்துக்குள் நுழைந்து, நாங்கள் நீட்டிய செர்வோலை மரியாதைக்கு ஒரு வாய் குடித்துவிட்டு, இது வேண்டாம், அந்த எண் போட்டது எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். எங்களுக்கு எப்படி இருக்கும்? கொள்முதல் அதிகாரியும் தொலைபேசியில் கேட்டாராம், அந்த எண்ணில் இரண்டு லட்சம் பாட்டில் கிடைக்குமா என்று.

அவசரப் பொதுக்குழு கூடியது. லான்சாக் அன்று பேசிய மாதிரி அதற்கு முன் பேசியதில்லை.

“அந்த எண்ண மதாம் பெஸ்நார் கண்டுபிடிக்கல. அஞ்சல் துறை நம்ம ஊர் மொத்தத்துக்கும் குடுத்தது. அத ஒருத்தர் மட்டும் வெச்சு அனுபவிக்கிறது என்ன நியாயம்? அதுவும் ஊருக்கு வெளிய இருக்கறவங்க.”

கைதட்டினோம். எண்ணும் சங்கத்தின் பாதுகாப்புக்குள் வந்தது. சிரில் புதிய பாக்கெட்டைக் கொண்டுவந்தார். மேல்முறையீட்டு மாதிரி பாட்டில்கள் ஆறிலிருந்து ஈஸ்டைப் பிரித்து டென்மார்க்கில் பெருக்கியது. பாக்கெட்டின் மேல் ஐந்து இலக்கம் அச்சடித்திருந்தது. முப்பத்தொரு பேரும் வாங்கினோம். தள்ளுபடி இந்த முறையும் பத்து சதவீதம்தான். எண் ஒயினுக்கும் ஒரு முன்மாதிரித் தொட்டி வந்தது, எல்லோருடையதிலிருந்தும் ஒரு கரண்டி.

இனி எண் போட வேண்டுமானாலும் சுவைக்குழு ‘தேறியது’ என்று சொல்ல வேண்டும். ஒதிலுக்கும் அறிவிப்பு போனது. அவள் மாதிரி கொடுத்தாள்.

மார்ச் மாதம், மணி, எழுந்து நின்றோம், முன்மாதிரியைக் குடித்துத் துப்பினோம். இந்த முறை சீமைமாதுளை மிட்டாய் வாசனை. இருபத்தொன்று வரை ஒரே மாதிரி வந்தன. இருபத்திரண்டாவதை முகர்ந்ததும் என் கை நின்றது. அந்த வருஷக் கோடை முழுக்க மழை. ஒயின் மெலிந்திருந்தது, பச்சை வாதுமை வாசனை, உப்புக் கரித்தது. போன வருஷத்து ஒயின் மாதிரியே இல்லை, அந்த வருஷத்து ஒயினாக இருந்தது. இருந்தும் அந்தக் குகைதான், அவளுடைய கைதான். இருபத்தொரு பேர் கூடி அவளைப்போல நடித்துக் காட்டிய அறைக்குள் அவளே வந்து நின்ற மாதிரி இருந்தது.

லான்சாக் உண்மையாகவே வருந்தினார். “பாவம். எண் ஒயினோட தன்மை இவங்களுக்கு இன்னும் பிடிபடல” என்றார்.

பட்டியலைத் தேட வேண்டியிருக்கவில்லை, எல்லோருக்கும் கடைசிச் சொல் மனப்பாடம். இரண்டு பேர் எழுதினார்கள். நான் எழுதமாட்டேன் என்றுதான் வீட்டிலிருந்து கிளம்பும்போது நினைத்திருந்தேன். என்னுடையதும் மேசை மேல் எங்கோ இருந்தது. இந்த முறையும் எது என்று தெரியவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் ஒதில் கூப்பிட்டனுப்பினாள். போனேன். குகை வாசலில் ஒரு மேசை போட்டு, லேபிள் ஒட்டாத பாட்டில்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். கடிதம் ஒரு பாட்டிலுக்கு அடியில் மடித்துக் கிடந்தது. ஊர்ப் பெயரும் இல்லை, எண்ணும் இல்லை. என் பெயரையாவது விட்டுவைத்திருக்கிறார்களா என்று கேட்டாள். இப்போதைக்கு இருக்கிறது என்றேன்.

ஒரு குவளையில் ஊற்றிக் கொடுத்தாள். குடித்தேன். இங்கே துப்ப வாளி இல்லை. குளிர்ந்து, உப்பாய், நேராய் இறங்கியது. என் வீட்டில் எட்டு ஹெக்டேருக்கு ஒயின் கிடக்கிறது, எத்தனை வருஷமாக நான் ஒயின் குடிக்கவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

“நல்லா இருக்கு, ஒதில்” என்றேன். “ரொம்ப நல்லா இருக்கு.”

அவள் ஒரு பாட்டிலைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள்.

“அங்க என்ன எழுதின?”

அவளுக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று நான் கேட்கவில்லை. விதிப்படி ரகசியம் என்று சொல்ல வாய் வரவில்லை.

“தன்மை பொருந்தவில்லைன்னு.”

“போன தடவையும்?”

“போன தடவையும்.”

துடைத்த பாட்டிலை வரிசையில் வைத்தாள். என் கையிலிருந்த குவளையை வாங்கி, மீதியைச் சீமைமாதுளை மரத்தடியில், பிஸ்தாஷ் இருக்கும் இடத்தில் ஊற்றினாள். திட்டுவாள் என்று நின்றேன். திட்டியிருந்தால் பரவாயில்லை. அவள் வெளிவாசல் வரை என்னோடு வந்தாள், வழியனுப்புகிற மாதிரி.

“பாத்துப் போ, அர்மான்” என்றாள். “ஊருக்குள்ள போற வரைக்கும் வண்டிங்க வேகமா வரும்.”